இரண்டாவது விடுதிக்கு இடம்

5 அக்டோபர் 1942, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். கடைவாய்ப் பல் வலி. கிராம்பைக் கடித்துக்கொண்டே எல்லாரையும் பார்த்து முடித்தேன்.

கட்டில் ஐந்து, ஆள் எட்டு. மூன்று பேர் தாழ்வாரத்தில் பாய் போட்டு. குண்டு விழும் என்று சென்னையை விட்டு வந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் மதுரையில்தான். ஒரு வீட்டில் மூன்று குடும்பம். பிள்ளை பெற அந்த வீட்டில் மூலை ஏது? எல்லாரும் நம் விடுதிக்கு வருகிறார்கள். ரப்பர் விரிப்பு கடையில் இல்லை, மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போனதோடு அதுவும் போயிற்று. பழைய விரிப்பின் கிழிசலைத் தைத்துத் தைத்துப் போடுகிறோம்.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு எஸ்தர் அக்கா சொன்னார்: "இனிமே இந்த வீட்டுக்குள்ள முடியாது கிருபை. ரெண்டாவதா ஒரு எடம் பாத்துருவோம்."

பதினோரு வருஷம் முன்னால் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் இந்தப் பிரசவ விடுதியை ஆரம்பித்ததும் இப்படித்தான். சாப்பிட்ட கை காயவில்லை, அக்கா முடிவு செய்துவிட்டார்.

பார்க்க வேண்டிய இடங்கள்:
ஆனையூர். வாடகை குறைவு, வடக்கே ஊர் வளரும் என்கிறார்கள்.
கோச்சடை. வக்கீல் குடும்பத்து வீடு ஒன்று காலி.
உசிலம்பட்டி (இனி உ.பட்டி). சந்தைக்குப் பக்கத்தில் ஒரு காரை வீடு.

உசிலம்பட்டி வீட்டைப் பற்றி எழுதியது என் வீட்டுக்காரர். அங்கே மிஷன் பள்ளியில் வாத்தியார். இரண்டு வருஷமாக அவர் அங்கே, நான் இங்கே. மூன்றாவது பெயரைச் சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

9 அக்டோபர், வெள்ளி

ஆனையூர். தல்லாகுளம் தாண்டிக் கொஞ்ச தூரம்வரை ஜட்கா. பிறகு சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. கண்மாய்க் கரை மேல் நடை. என் செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று, தேடி எடுத்தேன். அக்காவுக்குச் சிரிப்பு.

ஊர் மணியக்காரர் நல்ல மனிதர். மோர் கொடுத்தார். "எங்க பொம்பளைக அதது வீட்டுலயே பெத்துக்குறாளுக தாயி. காச்சலுக்கு ஊசி போடுவீகளா? அதுன்னா ஊரே வரும்."

பகலிலேயே கொசு. வீடு கண்மாய்த் தண்ணீர்மட்டத்துக்கு ஒரு முழம்தான் உயரம். மலேரியாவுக்குக் கொய்னா மருந்து எங்கும் கிடைக்காத காலம். திரும்பி ஜட்காவில் ஏறியதும் அக்கா, "வேண்டாம்," என்றார். எனக்கும் அதே.

கால் நகத்தில் இன்னும் சேறு.

12 அக்டோபர், திங்கள்

லேசான தூறல். கோச்சடை.

அழகான வீடு, ஒப்புக்கொள்ள வேண்டும். தென்னை, சுற்றுச்சுவர், தனியாக ஒரு சமையல்கட்டு (வெந்நீர் போட வசதி). வைகை ஆறு கூப்பிடு தூரத்தில். கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி. உள்ளே ஏழு கட்டில் தாராளமாகப் போடலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியில் முக்கால் மணி. அக்காவின் கண் பளபளத்ததைப் பார்த்தேன்.

வீட்டுச் சொந்தக்காரி வக்கீலின் அம்மா. வயதானவர், மெதுவாகப் பேசுகிறார். "வாடகை பெருசில்ல. ஒண்ணே ஒண்ணு. கெணத்துல எல்லாச் சாதியும் வந்து எறைக்கக் கூடாது. யார உள்ள படுக்க வைக்கிறீங்கங்கிறதையும் பாத்து வச்சுக்குங்க."

அக்கா உடனே, "தண்ணி நாங்களே எறைச்சுக் குடுத்துருவோம்மா," என்றார். கேள்வியின் பாதிக்குத்தான் அது பதில். மறுபாதிக்கு அக்காவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த அம்மாளும் விட்டுவிட்டார்.

இங்கே தாழ்வாரத்துப் பாயில் இன்று படுத்திருப்பவள் தோட்டி வேலைக்காரரின் பெண்சாதி. பெண் குழந்தை. நல்ல எடை.

15 அக்டோபர், வியாழன்

நேற்று உ.பட்டி போய் இன்று காலை திரும்பினேன். நான் மட்டும். அக்காவுக்கு ஒரு கடினமான கேஸ்.

யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று போடி ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்தான். நாகமலை ஏற்றத்தில் எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொன்னார்கள். செக்கானூரணியில் கரி போட அரை மணி. போய்ச் சேர நான்கு மணி நேரம். முகமெல்லாம் கரி. என் வீட்டுக்காரர் பஸ் நிற்கும் இடத்தில் நின்றிருந்தார், என்னைப் பார்த்ததும் கைக்குட்டையை நீட்டினார். இளைத்துவிட்டார். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை.

காரை வீடு: மூன்று அறை, உறுதியான சுவர், நல்ல வெளிச்சம். கிணறு இல்லை. தண்ணீர் கால் மைல், அதுவும் உப்பு. டாக்டர் இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் சின்னச்சாமி கமிஷன் வியாபாரி. "எம் மக பிரசவத்துலதாம்மா போனா. நீங்க வந்தா வாடகை பேச மாட்டேன். என்னைக்கு வாரீக, அத மட்டும் சொல்லுங்க," என்றார்.

நான் வந்திருப்பது எப்படித் தெரிந்ததோ. மத்தியானத்துக்குள் பள்ளிக்கூட வாசலில் பதினான்கு பெண்கள். என் பையில் இருந்ததை வைத்துப் பார்த்தேன். இரத்தம் இல்லாமல் வெளுத்தவர்கள்தான் பாதிக்கு மேல்.

அதில் ஒருத்தி பேச்சி. பத்தொன்பது இருபது வயது. ஏழு மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டதாம். கால் வீக்கம், விரல் வைத்து அழுத்தினால் குழி. முகமும் உப்பியிருக்கிறது. சிறுநீரைக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினேன். திரிந்த பால் மாதிரி வெள்ளை படிந்தது, வலிப்பு வரலாம் என்பதற்கு அடையாளம். அவள் அதை ஆசையாகப் பார்த்தாள். "என்னம்மா, எங்கிட்ட பாலு இப்பவே ஊறுதா?" என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

புருஷன் ஒச்சு. மானாவாரி நிலமும் ஒரு சோடி மாடும். அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: உப்பு ஆகாது, வேலை செய்ய விடாதே. தலைவலி வந்தாலோ கண் மங்கினாலோ அன்றைக்கே மதுரைக்கு.

பேச்சி கேட்டுவிட்டாள். "மதுரைக்கா? அம்புட்டு தூரமா? அங்க யாரு இருக்கா எனக்கு?"

நான் சொன்னேன்: "பயப்படாத. அதுக்குள்ள நாங்களே இங்க வந்துருவோம். ஐப்பசிக்குள்ள."

எதற்குச் சொன்னேன் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவளுடைய பயத்தைப் பார்த்தா? அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததாலா?

பொத்தான் இரண்டும் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

18 அக்டோபர், ஞாயிறு

மழை. கோவிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. பாட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் பென்சிலால் எழுதியது, இங்கே நகல்:

கோ. பக்கம்: தண்ணீர். டாக்டர். வண்டி. வீட்டில் தாராள இடம். வருகிறவர்களுக்கு வேறு இடமும் உண்டு.
உ.பட்டி பக்கம்: வருகிறவர்களுக்கு வேறு இடம் இல்லை.
(அவர்.)

கடைசி வரியை அடைப்புக்குள் போட்டேன். பிறகு அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன். பாதிரியார் ஆசீர்வாதம் கூறும்போது புத்தகத்தை மூடினேன்.

21 அக்டோபர், புதன்

இரண்டு பிரசவம், இரண்டும் சுகம். வைகையில் தண்ணீர் வந்துவிட்டதாம், ஊரே பாலத்துக்குப் பார்க்கப் போயிற்று. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று பாதிப் புட்டி.

அக்காவிடம் உ.பட்டி பற்றி இன்னொரு முறை பேசினேன். தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டலாம், மழைநீர் பிடிக்கலாம், மாதத்துக்கு ஒருவராக மாற்றி மாற்றி இருக்கலாம் என்று. அக்கா கேட்டுக்கொண்டார். "யோசிப்போம்," என்றார்.

24 அக்டோபர், சனி

முடிவாகிவிட்டது. கோச்சடை.

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். காலை பதினொரு மணி, துணி மடித்துக்கொண்டிருந்தோம். அக்கா சொன்னார்: "கிருபை, ரத்தப்போக்கு வந்தா அங்க என்ன செய்வ? யாரக் கூப்பிடுவ? உப்புத்தண்ணியில கை கழுவிட்டு நிப்பியா? அங்க ரெண்டு பேரு நம்ம கையில செத்தா மூணாவது ஆளு வரமாட்டா. இங்க இருக்கிற வேரும் அழுகிப் போகும்."

எல்லாம் நியாயம். நானும் நியாயமாகத்தான் பதில் சொன்னேன். அங்கே நாம் இல்லாமலும்தானே சாகிறார்கள், பதினான்கு பேரைப் பார்த்தேனே என்று.

அக்கா மடித்த துணியை வைத்துவிட்டு, "பதினாலு பேருக்காகவா உசிலம்பட்டிங்கிற? ஒரு ஆளுக்காகச் சொல்ற. உன் புருசன் அங்க இருக்காரு. அத ஒத்துக்கிட்டுப் பேசு," என்றார்.

வாசலில் நின்ற ஆயாவுக்குக் கேட்டிருக்கும். காது இரண்டும் எரிந்தது. முப்பத்தெட்டு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திட்டு வாங்கி நின்றேன். பொய் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அதில் பாதி உண்மை.

"சரிக்கா. கோச்சடையே இருக்கட்டும்," என்றேன்.

அவ்வளவுதான். இரண்டு நிமிஷம். நான் சுயநலக்காரி இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது, காட்டிவிட்டேன். மிச்சத் துணியை மடித்தோம்.

அவருக்கு எழுத வேண்டும். உ.பட்டியிலும் சொல்லச் சொல்ல வேண்டும். நாளை.

27 அக்டோபர், செவ்வாய்

கோச்சடைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள். கட்டில் செய்யத் தச்சர். மரம் நன்றாக இல்லை. பல் வலி குறைந்திருக்கிறது.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். "தங்கள் சுகத்துக்குக் கர்த்தரை வேண்டும்" வரை எழுதினேன். ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது, எழுந்து போனேன். திரும்பி வந்து அந்தத் தாளில் சலவைக் கணக்கு எழுதியிருக்கிறேன்.

31 அக்டோபர், சனி

மழை விடவில்லை. துணி காயவில்லை, அடுப்பைச் சுற்றிக் கொடி கட்டி உலர்த்துகிறோம். வீடு முழுக்கப் புகை வாடை.

அவரிடமிருந்து கடிதம். சின்னச்சாமி வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறாராம். "ஜன்னலுக்கு நானே பச்சை வர்ணம் பூசினேன். நாள் குறித்தாயிற்றா? ஒச்சு தினம் பள்ளிக்கு வந்து கேட்கிறான்."

பதில் எழுதவில்லை. பச்சை வர்ணம் பூசியவருக்கு என்ன எழுதுவது? திங்களன்று எழுதலாம்.

3 நவம்பர், செவ்வாய்

எழுதவில்லை.

அக்கா என்னிடம் மிகப் பிரியமாக நடந்துகொள்கிறார். மீன் குழம்பில் நல்ல துண்டு எனக்கு. அதைத் தின்ன வேண்டியிருக்கிறது.

9 நவம்பர், திங்கள்

கடைசியில் எழுதித் தபாலில் போட்டேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. "கோச்சடை என்று தீர்மானம். காரணங்கள் நேரில். பேச்சியை உடனே மதுரைக்கு அனுப்பிவைக்க ஒச்சுவிடம் சொல்லவும். பஸ் செலவு நம்முடையது."

பெட்டியில் போட்டதும் மனசு லேசாகிவிட்டது. வரும் வழியில் கொய்யாப்பழம் வாங்கித் தின்றேன். பல் வலிக்கவில்லை.

12 நவம்பர், வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. எழுதிவைக்க வேண்டும்.

நேற்றுக் காலை பத்து மணி, நல்ல மழை. வாசலில் மாட்டுவண்டி. ஒச்சு. மேலே கோணிப்பை போட்டு மூடிக்கொண்டிருந்தான். முதலில் எனக்கு ஆள் தெரியவில்லை. கூண்டுக்குள் வைக்கோல் மேல் பேச்சி. நினைவில்லை. நாக்கு கடிபட்டு உதடெல்லாம் இரத்தம். அவள் அம்மா தலையை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள்.

முந்திய நாள் மாலையில் முதல் வலிப்பு. பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றானாம் கண்டக்டர், வழியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று. வண்டி கட்டியிருக்கிறார்கள். கருமாத்தூருக்கு இந்தப் பக்கம் இரண்டாவது. செக்கானூரணியில் மூன்றாவது.

கட்டில் காலி இல்லை. ஒருத்தியை எழுப்பித் தரையில் படுக்க வைத்துவிட்டுப் பேச்சியை ஏற்றினோம். ஜன்னலுக்குத் துணி போட்டு இருட்டாக்கினோம். கரண்டியில் துணி சுற்றிப் பல்லுக்கு நடுவே. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பினோம், வந்தார்கள். ஊசி போட்டார்கள். "இந்த நிலைமையில எடுத்துட்டுப் போக முடியாது," என்றார்கள். ஒரு மணிக்குள் இன்னும் இரண்டு வலிப்பு. இரண்டு மணிக்குக் குழந்தை. ஆண். உயிர் இல்லை. மூன்று மணிக்குப் பேச்சி.

எஸ்தர் அக்கா கடைசிவரை கையை எடுக்கவில்லை. அந்த வயதில் ஐந்து மணி நேரம் நின்றபடி.

ஒச்சுவிடம் நான்தான் சொன்னேன். தாழ்வாரத்தில் சுவரோரம் குத்த வைத்திருந்தான். அழவில்லை. யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னான்:

"மூணு நாளாத் தலவலின்னா. வண்டியக் கட்டுறேன் வாடின்னேன். நர்சம்மா ஐப்பசிக்குள்ள வாரேன்னுருக்காக, இன்னும் அஞ்சாறு நாக் கெடக்கு, அதுக்குள்ள எதுக்கு மதுரைன்னு அசைய மாட்டேன்னுட்டா."

பிறகு என்னைப் பார்த்தான். "நீங்க கெளம்பிக்கிட்டுத்தான் இருந்தீகளாம்மா? மழைதான் காரணமா?"

மழை என்று சொல்லியிருக்கலாம். அவன் எனக்கு அதை எடுத்துக் கொடுத்தான். தலையை ஆட்டினால் போதும்.

"இல்லப்பா. நாங்க அங்க வரலன்னு முடிவாயிருச்சு. ரெண்டு வாரமாச்சு. நான் சொல்லி அனுப்பல," என்றேன்.

அவன் திட்டுவான் என்று நின்றேன். "ஓ," என்றான். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

மழை விட்ட பிறகு அதே வண்டியில் கொண்டுபோனார்கள். எங்கள் புதுப் போர்வையை அக்கா போர்த்திவிட்டார்.

13 நவம்பர், வெள்ளி

வெயில். பல நாளுக்குப் பிறகு துணி காய்ந்தது.

பேச்சியின் அம்மாவுடைய மூக்குப்பொடி மட்டை தாழ்வாரத்தில் கிடந்தது. ஆயா பெருக்கித் தள்ளிவிட்டாள். எடுத்துவைக்கச் சொல்ல வாயெடுத்தேன், எதற்கென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அக்கா அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "தண்ணி, டாக்டரு, நான் சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல கிருபை. இன்னைக்குக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். ஆனா அன்னைக்கு உன்ன ஒரு சொல்லால அடிச்சேன். அடிச்சு சம்மதம் வாங்கினேன். அதுக்கு என்ன மன்னிச்சிரு."

"கடுதாசி எழுதாதது நான்தானக்கா," என்றேன்.

அக்கா அதை மறுக்கவில்லை. அக்காவிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். இன்று கொஞ்சம் மறுத்திருக்கலாம்.

17 நவம்பர், செவ்வாய்

உ.பட்டி. விடிந்ததும் முதல் பஸ். அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "அந்த வீட்ட நான் தனியா எடுத்து நடத்தப்போறேன்," என்றேன். "போ. பாத்துட்டு வா," என்றார். கோபமா, இல்லையா, தெரியவில்லை.

வீடு போய்விட்டது. வாசல் நிறைய மூட்டை. சோள மூட்டை, உள்ளே கூரைவரை. சர்க்கார் தானியக் கொள்முதலுக்குக் கிட்டங்கியாகக் கொடுத்துவிட்டாராம். சின்னச்சாமி என்னைத் திண்டாட விட வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, தானே முன்வந்து சொன்னார். "வாத்தியாரு கடுதாசியக் காட்டினாரும்மா. நீங்க வரலன்னு தெரிஞ்சுருச்சு. ஆபீசரு கேட்டாரு, குடுத்துட்டேன். நீங்க வாரதா ஒரு நாளு முன்ன சொல்லியிருந்தா..." முடிக்கவில்லை. எலி ஓடிற்று. ஜன்னலில் பச்சை.

நானும் என் வீட்டுக்காரரும் ஒச்சு வீட்டுக்குப் போனோம். கதவு திறந்திருந்தது, ஆள் இல்லை. காட்டுக்குப் போயிருக்கிறானாம். கொல்லையில் மாடு மட்டும். அரை மணி நின்றோம். அவன் வந்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியில்தான் அவர் சொன்னார். "தபால் புதன்கெழம மத்தியானம் வந்துச்சு. படிச்சவொடன சைக்கிள எடுத்துக்கிட்டு ஒச்சு வீட்டுக்குத்தான் வந்தேன். பூட்டிக் கெடந்துச்சு. மதுரைக்குப் போயிட்டாங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. சரி, நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்."

அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "இருபத்திநாலாந் தேதி முடிவாச்சுன்னு சொல்ற. எனக்கு ஏன் எழுதல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

"வருத்தப்பட்டிருப்பேன். ரெண்டு நாளு," என்றார்.

பள்ளிக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, உடைந்த பெஞ்சும் தேசப்படங்களும் போட்டுவைக்கும் அறை. சனிக்கிழமை பள்ளி இல்லை. வாரம் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார், வீடு கிடைக்கும்வரை, என்கிறார். பிரசவம் பார்க்க ஆகாது. கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, ஆபத்தானவர்களை முன்கூட்டி மதுரைக்கு அனுப்பலாம். அவ்வளவு. அதற்கு வீடே வேண்டியதில்லை என்பது முன்பே தோன்றியிருக்கலாம், எங்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது.

22 நவம்பர், ஞாயிறு

கோச்சடை விடுதித் திறப்பு. ஜெபம், பாட்டு, சுண்டல். வெயிலும் தென்னை நிழலுமாக நன்றாகத்தான் இருந்தது. வக்கீலின் அம்மா வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்தார். வந்தவர்கள் எல்லாரும் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து மெச்சினார்கள்.

எஸ்தர் அக்கா அங்கே, நான் டவுன் விடுதியில் என்று ஏற்பாடு. சனிக்கிழமை எனக்கு விடுமுறை, டவுனுக்கு அக்கா வருவார். இதை அக்காவே சொன்னார், நான் கேட்பதற்கு முன்னால்.

சாயங்காலமே முதல் கேஸ் சேர்ந்தாள், மில் கணக்கரின் மனைவி. தலைப்பிரசவம். கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். எவ்வளவு சுத்தம். மூன்று தரம் கழுவினேன்.

28 நவம்பர், சனி

கார்த்திகைக் குளிர். நாகமலை ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன், இந்த முறை கேட்காமலே.

அறையை அவர் கழுவி வைத்திருந்தார். ஒரு மேசை, பெஞ்சு, மண்பானையில் காய்ச்சின தண்ணீர். தேசப்படங்களைச் சுருட்டி மூலையில்.

கொண்டுபோனவை: ஸ்பிரிட் விளக்கு, குழாய் 4, லைசால், பஞ்சு, இரும்புச்சத்து மருந்து 2 புட்டி, பென்சில், நோட்டு.

பத்து மணி. யாரும் இல்லை. பதினொன்று, யாரும் இல்லை. தெருவில் பெண்கள் போகிறார்கள், பார்க்கிறார்கள். போன மாதம் வந்த பதினான்கு பேரில் இரண்டு பேர் முகம் அடையாளம் தெரிந்தது. சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள், நிற்கவில்லை.

அவர் சாப்பாடு கொண்டுவந்தார். மூடிவைத்தேன்.

மூன்று மணி இருக்கும். வாசலில் பேச்சியின் அம்மா. பக்கத்தில் ஒரு பெண், ஐந்து மாத வயிறு. பேச்சியின் தங்கை, பெயர் ஒச்சம்மாள். கண் அப்படியே அவள்தான்.

உட்காரச் சொன்னேன். அம்மா உட்காரவில்லை. "இவளப் பாருங்க," என்றாள். பார்த்தேன். கால் வீக்கம் இல்லை. குழாயில் காய்ச்சினேன், முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு. தெளிவாக இருந்தது. இரண்டாவது முறையும் காய்ச்சினேன். தெளிவு.

"இப்ப ஒண்ணுமில்ல. நல்லா இருக்கா," என்றேன். "மாசா மாசம் பாக்கணும்."

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அடுத்த மாசம் வருவீகளா?"

கட்டாயம் வருவேன் என்று வாயில் வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். மழை, கரி, அக்காவின் உடம்பு, எதைச் சொல்லி யாருக்கு உறுதி கொடுப்பது?

"பஸ் ஓடுனா சனிக்கெழம சனிக்கெழம வருவேன். வர முடியலன்னா வாத்தியாருக்கு முன்னாடியே ஆள் அனுப்பிச் சொல்லிருவேன்," என்றேன்.

அவள் மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள். வாசப்படியில் நின்று திரும்பினாள். கோபமே இல்லை குரலில். நாளைக்கு என்ன சமையல் என்று பேசுகிற மாதிரி.

"வாங்கம்மா. நாங்க மதுரைக்கு வண்டியையும் கட்டியே வச்சுக்கிறோம்."